பெரு நாட்டுக்கு முப்பது நாள்

வன்னியம்பட்டியில் தபாலாபீசுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வெங்கடேஸ்வரியின் வீட்டு முன்னறைதான் தபாலாபீஸ். காலை பத்து மணிக்குத் தெருக்கதவைத் திறப்பாள். பென்சன் வாங்க வருகிறவர்கள், மகள் பேரில் இருக்கும் சேமிப்புக் கணக்கில் பணம் போட வருகிறவர்கள், பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குப் பார்சல் அனுப்ப வருகிறவர்கள் என்று இரண்டு மணிவரை ஆள் நடமாட்டம் இருக்கும். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனால், மறுநாள் காலைவரை அவளோடு பேச ஆள் கிடையாது. பதின்மூன்று வருடமாக இப்படித்தான்.

அவள் கணவன் பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மெஷினைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவதில் கெட்டிக்காரன். 2012-ல் ஒரு கம்பெனி, பெரு நாட்டில் புதிதாக வரும் மில்லில் மெஷின்களைப் பூட்டி நிறுத்த ஐந்து பேரைத் தேடியது. எட்டு மாத வேலை. அப்படி ஒரு நாடு இருப்பதே வெங்கடேஸ்வரிக்கு அன்றைக்குத்தான் தெரியும். தபாலாபீஸ் காலண்டருக்குப் பின்னால் அச்சடித்திருந்த உலகப் படத்தில் அவன் விரலை வைத்துக் காட்டினான். இந்தியாவில் இன்னொரு விரலை வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

எட்டு மாதம் முடிந்து, வேலை நீண்டது. மறு வருடம் ஆடிப்பூரத் தேருக்கு வந்து இருபது நாள் இருந்தான். கிளம்புகிற அன்று மதுரை விமான நிலையத்தில், "தை மாசம் வந்திருவேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"எப்பத்தான் வாரிய?"

"அடுத்த மாசம் பாப்போம். இங்க ஒரு வேலை முடியாம கெடக்கு."

அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஊர் முடிவு செய்தது. அவளிடம் நேரே யாரும் சொல்லவில்லை. பென்சன் வாங்க நிற்கும் வரிசையில் அவள் தலையைத் தூக்கியதும் பேச்சு நிற்கும், அதில் தெரிந்துகொண்டாள். மதுரையில் ஏட்டாக இருக்கும் தம்பி வேல்பாண்டி மட்டும் வெளிப்படையாகச் சொன்னான். "விட்டுத் தள்ளுக்கா. விவாகரத்துக்கு எழுதிப் போடுவோம்." அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவளும் அந்தப் பெண்ணை நம்ப ஆரம்பித்தாள். சிவப்பாக, உயரமாக, குட்டை முடியோடு அவளுக்கு ஒரு முகம்கூட வந்துவிட்டது.

2021 சித்திரையில், ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நேரத்தில், பெருவிலிருந்து இம்மானுவேல் போன் செய்தான். ஆலங்குளத்துக்காரன், பொன்னுராஜோடு போன ஐந்து பேரில் ஒருவன்.

"மதினி, அண்ணன் போயிட்டாக. மூச்சுத் திணறி, ரெண்டே நாள்ல."

விமானம் கிடையாது. உடலை அனுப்ப வழி கிடையாது. இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ மட்டும் வந்தது. உயரமான ஒரு சுவர். அதில் பெட்டி பெட்டியாக மாடம். ஒரு மாடத்தின் வாயில் சிமெண்டு ஈரமாக இருந்தது. வேல்பாண்டிக்கு ஊரடங்கு டூட்டி, வர முடியவில்லை. அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விட்டுப்போன புருஷன் செத்தால் துக்கம் விசாரிப்பதா வேண்டாமா என்று ஊருக்கே குழப்பம். ஒன்றிரண்டு பேர் வாசல்வரை வந்து, நின்று, போனார்கள். நாலாம் நாள் தபாலாபீசைத் திறந்தாள்.

நாலு வருடம் போனது. 2025 தை மாதம் இம்மானுவேல் மறுபடி கூப்பிட்டான். அந்த மாடம் ஐந்து வருடத்துக்குத்தான் கொடுத்தது என்றான். "நீட்டிச்சு எழுதணும் மதினி. இல்லாட்டி எலும்ப எடுத்துப் பொதுக்குழியில போட்டுருவாங்க. பொண்டாட்டி கையெழுத்துதான் செல்லுமாம். நானும் இந்த வருசக் கடைசியில ஊருக்கே வந்திருதேன். ஒரு பேப்பர் அனுப்புதேன், நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிருங்க, போதும்."

"நானே வாரேன் தம்பி."

"ரொம்பத் தூரம் மதினி" என்றான்.

"தெரியும்."

வேல்பாண்டி கத்தித் தீர்த்தான். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத ஆளுக்காக இம்புட்டுத் தூரம் எதற்கு என்று கேட்டான். கையெழுத்துப் போடப் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். அங்கே யார் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிராவல்ஸ் நடத்தும் அனுசியாவுக்குச் சிங்கப்பூர், துபாய், காசி எல்லாம் தண்ணிபட்ட பாடு. பெருவுக்கு இதுவரை ஆள் அனுப்பியதில்லை. கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் தேடிவிட்டு, "அக்கா, இது விசாவுக்குக் கேக்குற பட்டியலா, கல்யாணச் சீர் பட்டியல் மாதிரில்ல இருக்கு" என்றாள்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் போட்டோ. ஆறு மாத வங்கிக் கணக்கு. போக வர டிக்கெட் பதிவு. அங்கே தங்க ஓட்டல், அல்லது அங்கே வசிப்பதற்கான கார்டு வைத்திருக்கும் ஒருவரின் அழைப்புக் கடிதம். என்றைக்கு எங்கே இருப்பேன் என்று நாள்வாரியாக ஒரு திட்டம். வேலை பார்க்குமிடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம்.

வெங்கடேஸ்வரியிடம் பாஸ்போர்ட்டே இல்லை. எத்தனையோ பேருக்கு வந்த பாஸ்போர்ட் கவரைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது, விதவை என்று குறிக்க இறப்புச் சான்று கேட்டார்கள். இம்மானுவேல் அனுப்பிய சான்று ஸ்பானிஷ் மொழியில் இருந்தது. அதைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கினாள். அந்தச் சான்றில்தான் பொன்னுராஜ் இறந்த நேரத்தை முதன்முதலாகப் படித்தாள்: காலை நாலு இருபது. 'உடன் இருந்தவர்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

நாள்வாரித் திட்டத்தை அனுசியாவே எழுதினாள். மூன்றாம் நாள் குஸ்கோ நகரம், ஐந்தாம் நாள் மச்சு பிச்சு மலை, ஏழாம் நாள் ஏரி என்று போட்டிருந்ததைப் பார்த்து வெங்கடேஸ்வரி பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டாள்.

"நான் மலைக்கெல்லாம் போகல அனுசியா."

"எல்லாரும் இதத்தான் எழுதுவாங்கக்கா. அம்புட்டு ஒசரத்துல தலை சுத்துமாம், அதுக்கு என்னமோ எலைத் தண்ணி குடிக்கணுமாம், அது வரைக்கும் படிச்சு வச்சிருக்கேன்."

"கல்லறைன்னு எழுது. பத்து நாளும் கல்லறைன்னே எழுது."

அப்படியே எழுதினார்கள். கோயிலில் தீபம் போடுகிறவள் மாதிரி வெங்கடேஸ்வரி ஒவ்வொரு பேப்பராக ஒரு ஃபைலில் சேர்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் அதிகாரி கடிதம் கொடுத்தார். அவள் இடத்துக்குப் பதிலியாக ஊர்க்காரி பாண்டிசெல்வியைப் போட ஒப்புக்கொண்டார். அமெரிக்கா வழியாகப் போனால் இறங்கி ஏறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும் என்பதால், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் பார்த்தாள் அனுசியா.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால்தான் திரும்பி வரும்போது இந்தியாவுக்குள் விடுவார்கள் என்று தெரிந்தது. அதற்குத் தூத்துக்குடி துறைமுகத்துச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சு முழுக்கக் கப்பல் வேலைக்குப் போகும் ஆட்கள். பெண் அவள் ஒருத்திதான். ஊசி போட்ட நர்ஸ், "அரைமணி நேரம் உக்காந்துட்டுப் போங்க. கூட வந்தவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றாள். "யாரும் வரல" என்றதும், அந்த நர்ஸ் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ அப்படித் தண்ணீர் கொடுத்து எத்தனை காலம் ஆகிறது என்று வெங்கடேஸ்வரிக்கு நினைப்பு ஓடியது. மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கும் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தாள்.

பேப்பர் எல்லாம் டெல்லிக்குப் போய் மூன்று வாரம் கழித்து, பெரு நாட்டுத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. அனுசியாவின் கடையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். எதிரில் ஒரு பெண், பொறுமையான இங்கிலீஷில் கேட்டாள். அனுசியா தமிழில் சொல்லச் சொல்ல, வெங்கடேஸ்வரி பதில் சொன்னாள். எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விகளுக்குப் பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்ல."

அனுசியா அவள் தொடையில் கிள்ளினாள். பிள்ளைகள், பெற்றோர், யாராவது, என்று மறுபடி குரல் கேட்டது.

"யாரும் இல்ல. ஆனா என் வீட்டுலதான் தபாலாபீஸ் இருக்கு. சாவி என்கிட்டத்தான் இருக்கு. பதிலிக்கு ஒரு மாசத்துக்குத்தான் அனுமதி. பொறவு நான் வந்துதான் தெறக்கணும்."

அனுசியா அதைத் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னாள். எதிர்ப்பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பத்து நாளில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. முப்பது நாள்.

ஆவணி மாதம் கிளம்பினாள். அனுசியா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: குழாய்த் தண்ணியைக் குடிக்காதே, தெருவில் போனை வெளியே எடுக்காதே, கை காட்டி நிறுத்தும் டாக்சியில் ஏறாதே, சில்லறை வைத்துக்கொள், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸைத் தனியே வை, அங்கே ஆவணி குளிர்காலம், ஸ்வெட்டர் எடு. மதுரை, மும்பை, ஆம்ஸ்டர்டாம் என்று மாறி மாறி ஏறியதில் எது பகல், எது ராத்திரி என்ற கணக்கு விட்டுப்போயிற்று. பக்கத்துச் சீட்டுக்காரி ஏதோ கேட்டாள். புரியவில்லை. இவள் சிரித்தாள். பன்னிரண்டு மணி நேரத்தில் அவர்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

லிமா விமான நிலையத்தில் இம்மானுவேல் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. "வாங்க மதினி" என்றதும் அவளுக்குக் கண் கலங்கியது. இரண்டு நாளாகத் தமிழ் கேட்கவில்லை என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வானம் ஈரத் துணியை விரித்த மாதிரி இருந்தது. மழை பெய்யவில்லை, வெயிலும் இல்லை. மாதக்கணக்கில் இங்கே இப்படித்தான் இருக்கும் என்றான்.

மறுநாள் கல்லறைக்குப் போனார்கள். போட்டோவில் பார்த்த சுவர் ஒன்றல்ல, தெருத்தெருவாக அதே போன்ற சுவர்கள். பொன்னுராஜ் நாலாம் வரிசையில் இருந்தான். காவலாளி ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் ஏறினாள். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்தாள். பக்கத்து மாடங்களில் எல்லாம் பிளாஸ்டிக் பூ, சின்னப் பொம்மை, பீர் பாட்டில் என்று ஏதாவது இருந்தது. இதில் ஒன்றுமில்லை. ஏணியில் நின்றபடியே கேட்டாள்.

"அவிய கூட இருந்த பொம்பள எங்க தம்பி?"

"யாரு மதினி?"

"மறைக்க வேண்டாம். நான் சண்டைக்கு வரல."

இம்மானுவேல் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "இறங்கி வாங்க. அண்ணன் இருந்த ரூமுக்குப் போவோம்" என்றான்.

மில்லுகள் இருக்கும் கிழக்குப் பக்கத்தில், ஒரு மாடி வீட்டின் பின்பக்க அறை அது. இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள். வீட்டுக்காரி ஜூலியா தையல் வேலை செய்கிறவள். வெங்கடேஸ்வரியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னாள். "வியூதா" என்ற சொல் மட்டும் வெங்கடேஸ்வரிக்குத் தெரிந்தது; விசாப் படிவத்தில் அவள் பேருக்கு நேரே இருந்த சொல், விதவை என்று அர்த்தம். ஜூலியா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு சட்டை, ஒரு ஸ்பானர் செட், ஒரு அலுமினியத் தட்டு, பாஸ்போர்ட்.

வெங்கடேஸ்வரி பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். பேப்பர் பார்த்தே பழகிய கண். பெரு நாட்டு விசா 2014-ல் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெறுமை.

"என்ன தம்பி இது?"

இம்மானுவேல் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான். "அந்த வருசம் கம்பெனி கைவிரிச்சிட்டான். நாங்க ஓடிப்போய் வேற மில்லுல சேந்து கார்டு புதுப்பிச்சோம். அண்ணன் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டாக. தேதி தாண்டிருச்சு. பொறவு பயம். போலீச கண்டா தெரு மாறிருவாக. எங்கயாவது சின்னப் பட்டறையில வேலை, விட்டா ரூமு. ஊருக்குப் போகணும்னா ஏர்போர்ட்டுல பிடிச்சு உள்ள வச்சிருவான்னு ஒரே நெனப்பு."

"வச்சிருப்பாங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "இல்ல மதினி. தாண்டின நாளுக்கு அபராதம்தான். கட்டிட்டு வண்டி ஏறிரலாம். நான் எத்தனையோ தடவை சொன்னேன். நம்பல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. பொண்டாட்டி தம்பி போலீசுல இருக்கான், நான் இங்க திருட்டுத்தனமா கெடக்கேன்னு தெரிஞ்சா கேவலம்னாக. அண்ணனுக்கு வேற யாரும் கெடையாது மதினி. ஞாயித்துக்கெழம நான் வருவேன். நான் கல்யாணம் முடிச்ச பொறவு அதுவும் கொறஞ்சு போச்சு."

அவள் அந்த அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. அவன் ஒளிந்து கிடந்த வருடங்களில் அவளையும் சேர்த்தல்லவா பூட்டி வைத்திருந்தான். பிறகு, அந்தச் சிவந்த, உயரமான பெண் இல்லாமல் போனதற்கு ஏன் வருத்தமாக இருக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்த இறப்புச் சான்றில் கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

கல்லறை அலுவலகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். மாடத்தை நீட்டிக்கலாம். அல்லது எடுத்து எரித்துச் சாம்பலைக் கொண்டுபோகலாம். அதற்குச் சுகாதாரத் துறை அனுமதி, தூதரகக் கடிதம் எல்லாம் வாங்க ஏழெட்டு வாரம் ஆகும்.

"இருந்து கொண்டுட்டே போயிருங்க மதினி" என்றான் இம்மானுவேல். "விசா தாண்டினாலும் அபராதம்தான்."

"ஒரு நாள்கூடத் தாண்ட மாட்டேன்" என்றாள். அவள் குரல் உயர்ந்ததில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எவ்வளவு காலத்துக்கு எழுத முடியுமோ அவ்வளவுக்கும் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டாள். விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துப் பெயரைத் திருத்தி எழுதச் சொன்னாள். பெயிண்டர் எழுதி முடிக்கிறவரை கீழே நின்றாள். பத்து நாளும், திட்டத்தில் எழுதிக் கொடுத்த மாதிரியே, கல்லறைக்குத்தான் போனாள். இம்மானுவேல் வேலைக்குப் போன நாட்களில் தனியாகவே பஸ் ஏறிப் போனாள்.

கிளம்பும்போது குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து, அரை நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பக்கத்தில் தனியாக ஒரு கவுன்டர் இருந்தது. ஒரு இளைஞன் முதுகில் பையோடு அங்கே போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் விரலால் நாட்களை எண்ணிப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான், சிரித்தான், கார்டைத் தேய்த்தான். அபராத ரசீதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான். பத்து நிமிடம்கூட இருக்காது. வெங்கடேஸ்வரி தூணில் சாய்ந்து நின்று அதை முழுதாகப் பார்த்தாள். அவளுடைய விமானத்துக்கு இரண்டாம் தடவை அறிவிப்பு வந்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள்.

ஊரில் எல்லோரும் கேட்டார்கள். "தனியாத்தான் இருந்தாக" என்றாள். சிலர் நம்பவில்லை. சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. வேல்பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். விசா கதையை முழுதாகக் கேட்டான்.

"நான் விவாகரத்துன்னு சொன்னத மச்சான்கிட்டச் சொன்னியாக்கா?"

"சொன்னேன். ஒரு தீவாளிக்கு, கோவத்துல."

"என்ன சொன்னாக?"

"'உன் இஷ்டம்'னு சொன்னாக."

வேல்பாண்டி சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மார்கழியில் இம்மானுவேல் ஊர் திரும்பினான். மனைவியோடு வன்னியம்பட்டிக்கு வந்தான். வெங்கடேஸ்வரி இரண்டு பேருக்கும் சமைத்துப்போட்டாள். அவன் சாப்பிடச் சாப்பிட, அவள் சின்னச் சின்ன விஷயமாகக் கேட்டாள். காலையில் என்ன சாப்பிடுவாக? ரசம் வைக்கத் தெரிந்திருந்ததா? குளிருக்கு என்ன போர்த்துவாக? பொன்னுராஜைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவனும் சலிக்காமல் சொன்னான். அடுத்த மாதமும் ஒரு தடவை வந்தான். பிறகு ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் வேலை கிடைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான், போன் குறைந்தது. அவள் அவனைக் குறை சொல்லவில்லை. குடும்பக்காரனை எத்தனை தடவை கூப்பிடுவது? கேட்பதற்கு இன்னும் நாலைந்து விஷயம் மிச்சமிருந்தது. அந்தச் சின்ன அறையில் பொன்னுராஜ் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பான் என்பதுகூட.